விடுதி தந்த உறவுகள்

இரத்த உறவு பிறப்போடு வருவது. விடுதி உறவோ ஒரே மணிக்கு எழுந்து, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒரே மேசையில் உண்டு சிறுகச் சிறுகச் சேர்வது. அந்தச் செல்வத்தைப் பெற்றவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் திருக்குடும்பக் கன்னியரின் நிழலில் விடுதிப் பிள்ளைகளாய் வளர்ந்து, இன்று பல தேசங்களிலும் சிதறி வாழும் பழைய மாணவிகளாகிய நாங்கள், எங்கள் தங்கையருக்கும் பெற்றோருக்கும் இம்மலர் வழியாகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

1820ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் அருட்தந்தை நோவாய் அவர்கள் தொடக்கிவைத்தது திருக்குடும்பச் சபை. ஆயர் செமேரியா அவர்களின் அழைப்பை ஏற்று அச்சபைக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தது 1862இல். சூயெஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே, மொழி தெரியாத ஓர் ஊரை நோக்கி அவர்கள் கப்பலேறினர். வீட்டைப் பிரிந்து வந்தவர்கள் அவர்கள். ஆதலால் வீட்டைப் பிரிந்து வரும் பிள்ளையின் மனம் அவர்களுக்கு நன்கு விளங்கியிருந்தது.

எங்கள் காலத்து விடுதியில் பல ஊர்ப் பிள்ளைகள் இருந்தோம். நெடுந்தீவிலிருந்து படகேறி வந்தவர்கள், மன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், முல்லைத்தீவிலிருந்து தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு வழி. கத்தோலிக்கரும் சைவரும் அடுத்தடுத்த கட்டில்களில் உறங்கினோம். அதிகாலை மணி, திருப்பலி, படிப்பறை மௌனம், மாலையில் செபமாலை என்று நாள் முழுவதும் ஒழுங்காய் நகரும். பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையோ பெருநாள்தான். தீவுப் பகுதியிலிருந்து புழுக்கொடியலும் பனங்கட்டியும் வரும். வடமராட்சிப் பிள்ளைக்குப் பருத்தித்துறை வடை வரும். யாருக்கு வந்தது என்ற கணக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே அழிந்துவிடும்.

ஆனால் விடுதியின் உயிர்நாடி இவை எதுவுமல்ல. புதிதாக வரும் சிறு பிள்ளையை ஒரு பெரிய பிள்ளையின் பொறுப்பில் விடும் வழக்கம் ஒன்று இருந்தது. தலை வாரிப் பின்னுவது, பேன் பார்ப்பது, நுளம்பு வலையைச் செருகிவிடுவது, இரவில் அழுதால் அருகே போய் இருப்பது, எல்லாம் அந்த அக்காவின் கடமை. இதற்குப் பரிசும் கிடையாது, புள்ளியும் கிடையாது. இரண்டு வருடம் கழிந்ததும் அந்தச் சின்னவளே இன்னொருத்திக்கு அக்காவாகி நிற்பாள். பெற்ற அன்பைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்காமல், அடுத்து வருபவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கற்றது அங்கேதான்.

அந்தப் பாடம் எங்கள் பிற்கால வாழ்விலும் பரீட்சைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரமே வெறிச்சோட, பல இலட்சம் மக்கள் மழையிலும் இருளிலும் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அந்த நெரிசலில் எங்களிலும் பலர் பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி நடந்தோம். சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் கதவுகளைத் தட்டினோம். "எந்த வருசம் போர்டிங்கில இருந்தனீர்?" என்று ஒரு கேள்வி, உடனே ஒரு பாயும் ஒரு கோப்பை தேத்தண்ணியும். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு நாளும் கண்டறியாதவர், "உள்ளுக்கு வாரும் தங்கச்சி" என்று அழைத்தபோது, விடுதி மணி நின்றாலும் விடுதி நிற்பதில்லை என்று உணர்ந்தோம்.

பின்னர் கடல் கடந்தோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வட மாகாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் பல உள்ளன. ஆண்டுக்கொரு விருந்தும் கலைவிழாவும் நடக்கின்றன, நிதியும் சேர்கிறது. நிதி வேண்டியதே. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அரசிடம் சேராமல் தனித்து நின்ற பாடசாலைகள் கட்டணமும் அறவிட முடியாமல், அரச உதவியும் இல்லாமல் தவித்தபோது, பெற்றோரும் பழைய மாணவர்களும் கொடுத்த காசே அவற்றுக்குக் கைகொடுத்தது. அந்த நன்றியை யாரும் மறக்கலாகாது.

ஆயினும் மின்விசிறிக்கும் கட்டடத்துக்கும் காசு அனுப்புவதோடு எங்கள் கடன் தீர்ந்துவிடுமா என்று எங்களையே கேட்கிறோம். காசு கூரையைப் போட்டுத் தரும். கூரையின் கீழே முதல் இரவு உறக்கம் வராமல் கிடக்கும் பிள்ளையின் பெயரைக் காசு கேட்காது. அதைக் கேட்க ஓர் அக்கா வேண்டும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின், விடுமுறைக்கு ஊர் வருவோர் தொகை பெருகியிருக்கிறது. வருபவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், ஒரு மாலை படிப்பறையில் அமர்ந்து ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன? வர முடியாதவர்கள் சிஸ்டர்மாரின் அனுமதியோடு மாதம் ஒரு கடிதம் எழுதினால் என்ன? வாட்ஸ்அப்பில் நாளுக்கு நூறு செய்தி எழுதும் எங்களுக்கு ஒரு கடிதம் பாரமாகுமா?

பெற்றோரே, பிள்ளையை விடுதியில் விட்டுத் திரும்பும்போது உங்கள் நெஞ்சு கனப்பதை அறிவோம். எங்கள் தாய்மாரும் வாசல்வரை சிரித்துவிட்டு, தெருவில் இறங்கியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தவர்களே. உங்கள் பிள்ளை தனியே இல்லை என்று உங்களுக்குச் சொல்வது எங்கள் கடமை.

அன்புத் தங்கையரே, உங்களுக்கு ஒன்று சொல்வோம். இன்று உங்கள் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவளின் பெயரையும் ஊரையும் நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இம்முறை வந்த சின்னவளுக்கு நீங்களே பின்னலைப் போட்டு விடுங்கள். நாளை எந்தத் தேசத்தில், எந்தக் கதவை அவள் உங்களுக்குத் திறப்பாளோ, அல்லது நீங்கள் அவளுக்குத் திறப்பீர்களோ, இறைவன் ஒருவரே அறிவார்.

திருக்குடும்பத்தின் ஆசியால் நம் பாடசாலை நீடூழி வாழ்க!