மலைப்பாதைக்கு ஒரு பழைய டர்போ கார்

குன்னூரிலிருந்து உம்மாவை மாதந்தோறும் கோவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வட்டிக்கடன் வேண்டாம் என்பதால் கையிருப்புக்கு அடங்கும் பழைய காரையே தேடினோம்.

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஏறக்குறைய அந்த அளவுக்கு வலுவிழக்கும். டர்போ காற்றை அழுத்திச் செலுத்தி அதைப் பெரிதும் ஈடுகட்டுகிறது. 2020இல் வந்த போலோவின் ஒரு லிட்டர் எஞ்சின் 110 குதிரைத்திறன் தருவதும் அதனால்தான்.

ஆனால் டர்போவின் உயிர் ஆயிலில் இருக்கிறது. ஆயில் மாற்றத் தாமதித்தாலும், ஏறிவந்த சூட்டோடு எஞ்சினை அணைத்துப் பழகினாலும் பேரிங் தேயும், வெளியே தெரியாது. புதிது மாற்றப் பெருந்தொகை ஆகும். எனவே ஓடிய கிலோமீட்டரைவிடச் சர்வீஸ் ரசீதுகளையே பார்த்தோம்.

விற்றவரோ, ஒருமுறை ஆயில் மாற்றம் ஆறு மாதம் தள்ளிப்போனதை நாங்கள் கேளாமலே சொன்னார். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நினைவுக்கு வந்தது. விலையைக் குறைத்தார், எங்கள் அச்சமும் குறைந்தது. மெக்கானிக்கும் சோதித்து, டர்போ நலம் என்றார்.

சிந்தெடிக் ஆயிலுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிவிடுகிறோம். ஏற்றத்தில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாகவே குடிக்கிறது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் வருவதால் பிரேக் பேடுகள் நெடுநாள் உழைக்கின்றன. உம்மாவின் கேள்வியெல்லாம், பர்லியாறில் தேநீருக்கு நிறுத்துவோமா என்பதுதான்.