இரண்டாம் முறை கேட்டல்

ரம்புக்கனை ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம். கீழே மருந்துக்கடை. மேலே, தகரக் கூரையின் கீழ், கொரிய மொழி வகுப்பு. சுவரோரமாகக் கணினிகள். விசைப்பலகைகளில் தூசு. மவுஸின் இடது பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது.

திரையில் நாற்பது சிறு கட்டங்கள். மூலையில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. வாசித்தலுக்கு 25 நிமிடம், கேட்டலுக்கு 25. கேள்விக்கு 5 புள்ளி, மொத்தம் 200. கொரியத் தொழிற்சாலைகளுக்குப் போக விரும்புகிறவர்கள் எழுதும் ஈபிஎஸ்-டோபிக் பரீட்சைக்கு இது பயிற்சி. இந்தப் பரீட்சைக்குப் பின்னால் இருக்கும் கொரிய வேலை அனுமதித் திட்டம் 2004இல் தொடங்கியது. முதலில் ஆள் அனுப்பச் சம்மதித்த ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஜன்னலோரக் கணினியில் ஒரு பையன். இறப்பர் தோட்டத்திலிருந்து வருகிறான். மடியில் ஒரு கொப்பி, பக்கத்துக்கு மூன்று பத்தி. முதலாவதில் கொரிய எழுத்து. இரண்டாவதில் புத்தகத்திலிருந்து பார்த்தெழுதிய சிங்கள அர்த்தம். மூன்றாவதில் தமிழ். மூன்றாவது பத்தி அந்தப் புத்தகத்தில் இல்லை. அவன் கையெழுத்தில் மட்டும் இருக்கிறது.

ஹெட்போனில் ஒரு பெண் குரல். திரையில் நான்கு கடிகாரப் படங்கள். கொரியனில் மணிக்கு ஓர் எண்வரிசை, நிமிடத்துக்கு வேறோர் எண்வரிசை. மூன்று மணிக்கு ‘செ’. மூன்று நிமிடத்துக்கு ‘சம்’. பையன் கண்ணை மூடிக்கொள்கிறான். கண்டிக்குப் போகும் ரயில் கூவுகிறது. இந்த ஊருக்கு அப்பால் கடுகண்ணாவை ஏற்றம். என்ஜினின் இரைச்சலில் பெண் குரல் அமிழ்ந்துபோகிறது.

குரல் இரண்டாம் முறை வருகிறது. ‘செ ஷி இஷிப் புன்.’ அவன் உதடு அசைகிறது. விரல்கள் மடங்கி நிமிர்கின்றன. மூன்று இருபது காட்டும் கடிகாரத்தில் மவுஸ் போய் நிற்கிறது.

அவன் அம்மா விடியுமுன் மலைக்குப் போகிறவர். கையில் வெட்டுக் கத்தி, மரத்தில் சிரட்டை. ஒரு மரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பால் வெட்டு. பட்டை ஆறவேண்டும்.

லயத்துக் காம்பராவின் வாசற்படியில், இரவில், பையன் கைப்பேசியில் சொல்லட்டைகளைத் தள்ளுகிறான். சரியாகச் சொன்ன சொல் சில நாள் கழித்து வருகிறது. தவறிய சொல் உடனே திரும்புகிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த அளவுகோலின் வழியில் வந்த கணக்குத்தான் அட்டைகளுக்குள் ஓடுகிறது. மின்சாரம் போகிறது. கைப்பேசி வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது.

வகுப்பை நடத்தும் சேர் கொரியாவில் வேலை செய்து திரும்பியவர். வலது ஆள்காட்டி விரலில் நுனிக் கணு இல்லை. பாதுகாப்புக் குறியீடுகளின் பக்கத்தை நடுவிரலால் காட்டுகிறார். தலைக்கவசம். கையுறை. ‘இயந்திரத்தைத் தொடாதே.’ பயிற்சி மென்பொருள் இந்தப் பாடத்துக்கு இரண்டு கேள்வி ஒதுக்குகிறது. சேர் முழு மணித்தியாலம் ஒதுக்குகிறார்.

பிறகு வெளியே போகிறார். வகுப்பு தானாக நடக்கிறது. 1967இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலும் ருஷ்ய மொழி இப்படி நடந்தது. அன்றாட வகுப்பில் ஆசிரியருக்குப் பதில் டெலிடைப் இயந்திரமும் காதில் ஒலிப்பதிவும். ஆசிரியர் நடத்திய வகுப்பைவிட அதில்தான் அதிகம் பேர் ஆண்டு முடிவுவரை இருந்தார்கள். இயந்திரம் யாரையும் மற்றவர்கள் முன் எழுப்பி நிறுத்தவில்லை.

இங்கே பின்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலி. ஒருத்திக்கு ஆடைத் தொழிற்சாலையில் மேலதிக நேர வேலை. இன்னொருவர் பின்னவலையில் யானை பார்க்க வருகிறவர்களுக்குச் சாமான் விற்கிறார். கடைவாசலில் நின்றபடி ஐந்தாறு மொழிகளில் விலை சொல்வார். வகுப்பில் அவருக்குக் கேட்டலில் புள்ளி கூட, வாசித்தலில் குறைவு.

ஐம்பது நிமிடம் முடிகிறது. திரைகளில் எண்கள். பையனுக்கு 135. கொப்பியின் பின்னட்டையில் அதை எழுதுகிறான். மேலே 110. அதற்கும் மேலே 95.

பக்கத்துக் கணினியில் ஒரு சிங்களப் பெண். அவள் திரையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிவப்புப் புள்ளடி. ‘எ’ வரவேண்டிய இடத்தில் ‘எசொ’வை அமுக்குகிறாள். திரை பிழை என்கிறது. ஏன் பிழை என்று சொல்வதில்லை. மறுபடியும் அமுக்குகிறாள். மறுபடியும் புள்ளடி.

“மல்லி...” என்கிறாள்.

பையன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறான். கொப்பியைத் திருப்பிக் காட்டுகிறான். மூன்றாவது பத்தியை அவளால் வாசிக்க முடியாது. அவன் விரல் வைத்து வாசிக்கிறான். ‘கொங்ஜாங்-எ கயோ.’ தொழிற்சாலைக்குப் போகிறேன். ‘கொங்ஜாங்-எசொ இல்ஹெயோ.’ தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பிறகு சிங்களத்துக்கு மாறுகிறான். “ஃபெக்டரியட்ட யனவா, அக்கே. ஃபெக்டரியே வெட கரனவா.”

அவள் இரண்டையும் சிங்கள எழுத்தில் எழுதிக்கொள்கிறாள். நடுவில் ஒரு கோடு போடுகிறாள்.

“ஹரித?”

“ஹரி.”

அடுத்த கேள்வியில் வங்கிப் படம். அவன் வாயைத் திறக்குமுன் அவளே முந்திக்கொள்கிறாள். “உன்ஹெங்-எ கயோ.”