வாப்பாட கட்டில் பலகையில் ஒரு தொங்கு றாக்கை



படத்தைப் பார்த்துவிட்டு "டீச்சர், இது எந்தக் கடையில?" என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். கடையில் வாங்கவில்லை. வாப்பாவின் கட்டில் பலகை, மிச்சக் கயிறு, தயிர்ச் சட்டி. அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம் இருந்த வீட்டில் உம்மாவுக்கு ஒரு சின்ன முற்றம் இருந்தது. மிஞ்சி, ரம்பை, கறிவேப்பிலைக்கெல்லாம் சந்தைக்குப் போனதே இல்லை. வாப்பா மௌத்தான பிறகு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடிக்கு வந்தா. கட்டிலைப் போட இடமில்லை. கழற்றி, பலகைகளை அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்தோம். பல்கனியில் நாலு சட்டி வைத்துக்கொண்டா.

போன வருட மழையில் மகளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அந்த இரவுகளைப் பற்றி எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்த அன்றே சட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வைத்திருந்த தட்டொன்றில் புழு நெளிந்தது. நாலு சட்டியையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். உம்மாவிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையும் சொன்னேன். அந்தத் தட்டில் பிறந்த நுளம்புதான் கடித்தது என்று யாருக்குத் தெரியும்? உம்மா பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு பல்கனிப் பக்கமே போகவில்லை.

2017இல் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேல் டெங்கு நோயாளர்கள். அந்த வருடத்திலிருந்து வகுப்பில் படம் வரைந்து படிப்பித்து வருகிறேன்: முட்டை நுளம்பாக ஏழிலிருந்து பத்து நாள் போதும், முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது, தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். பிள்ளைகளுக்குச் சொன்னதை என் வீட்டில் பார்க்கவில்லை. குற்றம் செடியில் இல்லை, தட்டில். தட்டே இல்லாமல் வைக்க வேண்டுமென்றால் தொங்கவிடலாம்.

வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. ஆனால் யன்னலுக்கு மேலே, மகளைத் தூங்கவைத்த தொட்டில் கொழுக்கி இன்னும் இருந்தது.

முதல் தடவை பலகையின் நாலு மூலையிலும் துளையிட்டு, நைலோன் கயிற்றைக் கோர்த்து, அடியில் முடிச்சுப் போட்டேன். மூன்றாம் நாள் இரவு ஒரு முடிச்சு வழுக்கி எல்லாம் கீழே. மகள் உட்கார்ந்து ஹோம்வேர்க் செய்யும் இடத்தில்! நனைந்த மண் எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பிறகு மேல்மாடி அக்காதான் சொல்லித் தந்தா: "ஊஞ்சல் மாதிரிக் கட்டுங்க டீச்சர்." கயிறு ஒரு துளையால் இறங்கி, பலகைக்கு அடியால் போய், மற்றத் துளையால் மேலே வர வேண்டும். பாரம் முடிச்சில் இல்லை, கயிற்றில். நைலோனை விட்டுவிட்டுத் தடித்த தும்புக் கயிறு எடுத்தேன். கடற்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் ஆணி ஒன்றுகூட இல்லை. பலகை மட்டமா என்று பார்க்க நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர். தயிர்ச் சட்டியை ஓர் இரவு ஊறவைத்து, ட்ரில்லின் ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளைத்தால் வெடிக்காது. (எனக்கு இரண்டு வெடித்தது.) தண்ணீர் ஊற்றும்போது மட்டும் கீழே ஒரு வாளி, வடிந்ததும் கொட்டிவிடுவோம். தும்புக் கயிறு நனைந்து நனைந்து நைந்துபோகும், மாதம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

மிஞ்சியை நட்டு உம்மாவைக் கூப்பிட்டேன். செடியைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் தடவினா.

"வாப்பாட கட்டிலா புள்ள இது?"

"ஓம் உம்மா. அன்டைக்கு நான் அப்படிப் பேசினது பிழை."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டா: "மத்தப் பலகையெல்லாம் எங்க வெச்சீங்க? ரம்பைக்கு இது பத்தாது."