இரண்டாயிரமா, எட்டாயிரமா?

நம் இல்லங்களில் ஒரு பொருளை வாங்குவதற்கு முன் எழும் விவாதங்களைக் கவனித்தால், அவற்றுட் பெரும்பாலானவை விலையைப் பற்றியனவாகவே இருக்கும். மலிவானதை வாங்குவதே சிக்கனம் என்பர் ஒரு சாரார். உயர்ந்ததை ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்பர் மற்றொரு சாரார். இருவருமே மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு. முன்னவர் வீண்விரயத்தைக் கண்டிப்பர். பின்னவர் கஞ்சத்தனத்தைக் கண்டிப்பர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நடுவழியே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பதை அனைவரும் அறிவோம். ஆயினும் அந்த நடுவழி நம் வீட்டு வரவுசெலவில் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்வது எளிதன்று. எங்கள் குடும்பத்தில் மரம் அறுக்கும் கருவி ஒன்றை முன்னிட்டு நடந்த ஆலோசனையை எழுதினால், அதே நிலையிலுள்ள பிற குடும்பங்களுக்கும் அது பயன்படக்கூடும் என்று எண்ணுகிறேன்.

எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்திலுள்ள வெம்பக்கோட்டை. வைப்பாற்றை ஒட்டிய கரிசல் பூமி. அருகிலுள்ள விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழகத் தொல்லியல் துறையினர் 2022ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுத்த ஆயிரக்கணக்கான பொருள்களில் சங்கு வளையல்களும் மணிகளும் உள. சங்கை வட்ட வட்டமாக அறுத்து வளையலாக்கிய கைவினைஞர்கள் வாழ்ந்த மண் இது. இன்றோ மழை பொய்க்கும் ஆண்டுகளில் மக்களைத் தாங்கி நிற்பவை பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலுமே. வேலை உண்டு; அதனோடு அச்சமும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளை இவ்வட்டாரத்து அன்னையர் மறக்கமாட்டார்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிகளுக்கும் தடைவிதித்தபின், பல மாதங்கள் ஆலைகள் மூடிக்கிடந்ததையும் நாங்கள் கண்டோம்.

என் தங்கையின் மகன் இத்தகைய ஆலை ஒன்றில் மருந்து செலுத்தும் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி வந்தான். தகப்பனை இளமையிலேயே இழந்த பிள்ளை. பள்ளி விடுமுறைகளில் ஊரிலுள்ள ஆசாரி ஒருவரிடம் எடுபிடியாக இருந்து, இழைப்புளி பிடிக்கவும் மூலமட்டம் வைத்துப் பார்க்கவும் கற்றிருந்தான். வீட்டுக் கொல்லையில் கீற்றுக்கொட்டகை போட்டு, குர்ஆன் வைத்து ஓதும் ரெஹால், செருப்பு அடுக்கும் தட்டு, சுவர் அலமாரி, குழந்தைகளுக்கான மரப் பொம்மை ஆகியவற்றைச் செய்து விற்கலாம் என்பது அவனது விருப்பம். இவற்றுக்கெல்லாம் பலகையை வளைவாக அறுக்க வேண்டும். அதற்கு உகந்தது தச்சர்கள் ஜிக்சா என்று கூறும் மின்ரம்பம். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் அலைந்து இரண்டு கருவிகளைப் பார்த்து வந்தான். ஒன்றின் விலை ரூ. 2,200. மற்றொன்று பெயர்பெற்ற நிறுவனத்தினது, விலை ரூ. 7,900.

இக்கருவியின் வரலாறு நம் வீட்டுப் பெண்களுக்குச் சுவையானது. 1946ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் சிந்தில்லா என்னும் நிறுவனத்தின் பொறியாளரான ஆல்பெர்ட் காஃப்மன் என்பவர், தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் ஊசியைக் கழற்றிவிட்டு ரம்ப அலகு ஒன்றைப் பூட்டிப் பார்த்ததிலிருந்தே கையில் பிடிக்கும் ஜிக்சா பிறந்தது என்பர். தையல் இயந்திரத்தில் ஊசி மேலும் கீழும் இயங்குவது போலவே இதிலும் மெல்லிய அலகு ஒன்று மேலும் கீழும் இயங்கி மரத்தை அறுக்கிறது. என் தங்கை இருபது ஆண்டுகளாகத் தையல் தைத்துப் பிழைப்பவள். ஆதலின் இக்கருவியின் நெளிவுசுளிவுகள் ஆண்களாகிய எங்களைவிட அவளுக்கு விரைவில் விளங்கின.

விலை மிகுந்த கருவிக்கும் குறைந்த கருவிக்கும் உள்ள வேறுபாடு என்ன? மோட்டாரின் வலிமை மட்டுமன்று. முதலாவது, அலகு பக்கவாட்டில் ஆடாமலிருப்பது. நல்ல கருவியில் அலகின் முதுகைத் தாங்கும் உருளை இறுக்கமாக இருக்கும். மலிவான கருவியில் அங்கே சிறிது இடைவெளி இருந்தாலும், தடித்த மரத்தை அறுக்கும்போது மேற்புறம் கோட்டின்மீதும் அடிப்புறம் கோட்டைவிட்டு விலகியும் போகும். இரண்டாவது, மரத்தின்மேல் படியும் அடித்தட்டு. உயர்ந்த கருவியில் அது கனமான வார்ப்பு உலோகமாக இருக்கும். மலிவானதில் மெல்லிய தகடாக இருந்து, கைதவறிக் கீழே விழுந்தால் வளைந்துவிடும். மூன்றாவது, அதிர்வு. நாள் முழுவதும் வேலை செய்வோருக்கு இது கையை மரக்கச் செய்யும். நான்காவது, கரிப்பிரஷ் போன்ற உதிரிப்பாகம் கிடைப்பதும், பழுதுபார்க்கும் இடம் அருகில் இருப்பதும்.

வாங்கச் செல்வோர் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் துண்டு ஒன்றையும் மூலமட்டத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள். ஒரு சாண் நீளம் அறுத்து, அறுத்த முகத்தில் மட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒளி தெரியாமல் படிந்தால் நன்று. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டா, அலகின் பிடி இன்று எங்கும் கிடைக்கும் டி வடிவ அலகுகளை ஏற்கிறதா என்பவற்றையும் கேட்டறியுங்கள். இவை இரண்டும் இல்லாத கருவி இரண்டாயிரத்துக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

என் மருமகன் பார்த்த மலிவான கருவி இச்சோதனையில் முற்றிலும் தோற்கவில்லை, முற்றிலும் வெல்லவுமில்லை. முக்கால் அங்குலப் பலகையில் ஒழுங்காக அறுத்தது. ஒன்றரை அங்குல வேப்பம்பலகையில் தடம் விலகியது. விலை மிகுந்தது இரண்டிலும் நேராக அறுத்தது. ஒரு பொருளை மட்டும் பார்த்தால் தீர்ப்பு எளிது. ஆனால் எங்கள் முன் இருந்தது பொருள் மட்டுமன்று. ஒரு பிள்ளையின் நாள்களும் இருந்தன.

தங்கையின் கையில் தையலில் சேர்த்த ஐயாயிரம் ரூபாய் இருந்தது. மீதியைச் சேர்த்து உயர்ந்த கருவியை வாங்க வேண்டுமாயின், நான்கைந்து மாதங்கள் அவன் மீண்டும் மருந்து அறைக்குச் செல்ல வேண்டும். அந்த மாதங்களோ தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். வேலை நெருக்கடியும் வெயிலும் மிகுந்தவை. தவணைத் திட்டம் ஒன்றைக் கடைக்காரர் கூறினார். கணக்கிட்டுப் பார்த்ததில் அதனுள் வட்டி இருந்தது. ஆகவே அப்பேச்சு அத்துடன் முடிந்தது. கர்ழே ஹஸனா என்னும் வட்டியில்லாக் கடனாக மீதித் தொகையை நான் தருவதாகச் சொன்னேன்.

அப்போது தங்கை கூறியது என் நினைவில் பதிந்திருக்கிறது. "அண்ணே, நீங்க தர்ற பணத்தையும் மிஷின்லயே போட்டுட்டா, அறுக்கிறதுக்குப் பலகை வேணாமா? எனக்கு ஊசி நல்ல ஊசியா இருந்தாப் போதும். பழைய மிஷின்லதானே இத்தனை வருஷமும் தைச்சேன்!"

அவள் சொற்படி ஒரு தாளில் கணக்கெழுதினோம். உயர்ந்த கருவிக்குரிய அதே 7,900 ரூபாயை வேறுவிதமாகப் பிரித்தோம். மலிவான கருவிக்கு 2,200. நல்ல தரமான அலகுகளுக்கு 700. பலகையை மேசையோடு இறுக்கும் கிளாம்புகளுக்கு 800. ஒரு பிளைவுட் பலகைக்கு 3,000. கண்ணாடி, முகக்கவசம், உப்புத்தாள் ஆகியவற்றுக்கு 400. பசைக்கும் வார்னிஷுக்கும் 800. எட்டாயிரத்துக்குக் கருவி வாங்கினால் கருவி மட்டுமே வீட்டில் இருக்கும். இவ்வாறு வாங்கினால் மறுநாளே வேலை தொடங்கலாம். அவன் ஆலைக்குச் செல்ல வேண்டியதில்லை. தங்கை இதையே தேர்ந்தாள்.

ஊசியைப் பற்றி அவள் சொன்னது தச்சிலும் முழு உண்மையாயிற்று. கருவியுடன் இலவசமாக வந்த அலகை ஒதுக்கிவிட்டு, மரத்துக்கேற்ற அலகைப் பூட்டியதும் வேலை துப்புரவாக நடந்தது. நேர்வெட்டுக்கு அகன்ற அலகு; வளைவுக்குக் குறுகிய அலகு; பிளைவுட்டுக்கு நெருங்கிய பற்களுள்ள அலகு. ஜிக்சாவின் சாதாரண அலகு மேல்நோக்கி வரும்போதே அறுக்கிறது. ஆதலால் சிம்பு பெயர்வது பலகையின் மேற்பக்கத்தில். அழகான பக்கத்தைக் கீழே வைத்து, பின்பக்கத்தில் கோடு கிழித்து அறுத்தால் முகம் சேதமுறாது. அலகை அழுத்தித் தள்ளாமல், அது அறுக்கும் வேகத்துக்குக் கையைச் செலுத்தினால் தடம் விலகுவதும் பெரிதும் குறையும்.

கருவியின் எல்லையை அறிந்து அதற்குள் நின்றான் என்பதே அவனிடம் நான் மெச்சும் பண்பு. இரண்டு பலகைகளில் பள்ளம் வெட்டி ஒன்றினுள் ஒன்றைச் செருகும் ரெஹாலுக்கு, பள்ளம் கோணினால் ரெஹால் ஆடும். எனவே நேரான கட்டை ஒன்றைக் கிளாம்பால் இறுக்கி, அதை ஒட்டியே கருவியைச் செலுத்தினான். மேல்விளிம்பின் வளைவுகளை மட்டும் கைப்போக்கில் அறுத்தான். கட்டிலுக்குத் தடித்த கால்கள் கேட்டு வந்த ஒருவரிடம், "இந்த மிஷின்ல அது சரியா வராது, மர மில்லுல அறுத்து வாங்கிட்டு வாங்க, மத்த வேலையை நான் செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டான். குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுக்கிறது. கருவியின் குறையை மறைத்து வேலை ஏற்பதும் அதைச் சார்ந்ததே.

எங்கள் வட்டாரத்தில் வாழ்வோர் ஒன்றை இங்கே கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். மின்கம்பியில் இணைத்து இயக்கும் இத்தகைய கருவிகளின் மோட்டாரில் கரிப்பிரஷ் உரசும் இடத்தில் சிறு தீப்பொறிகள் எழும். இது பழுதன்று, அம்மோட்டாரின் இயல்பு. ஆகவே மருந்துத்தூளோ திரியோ உள்ள இடத்துக்கு அருகில் இதை இயக்கவே கூடாது. பட்டாசு ஆலையில் உடுத்திய உடையுடன் வந்து இதைத் தொடுவதும் கூடாது. அலகை மாற்றும்போது செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். தொங்கும் துப்பட்டாவும் தளர்ந்த கையும் ஆகா. குழந்தைகள் தூங்கும் அறையில் மரத்தூள் படிய விடலாகாது.

முதல் மூன்று மாதங்களில் கிடைத்த வருமானம் ஆலைக் கூலியில் பாதியைக்கூட எட்டவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் குறையைத் தங்கையின் தையல் ஈடுசெய்தது. ஆலையிலிருந்து இருமுறை ஆள் வந்து அழைத்துச் சென்றார்கள், அவன் போகவில்லை. மதரஸா ஒன்றுக்கு நாற்பது ரெஹால்கள் செய்யும் வேலை ரமலானுக்கு முன் கிடைத்தபோது நிலைமை சற்றே திரும்பியது. பதினான்கு மாதங்களில் அந்த மலிவான கருவியின் உருளை தேய்ந்து, அலகு ஆடத் தொடங்கியது. அப்போது அவன் கையில், தன் உழைப்பில் சேர்த்த பணம் இருந்தது. முன்பு விலை கேட்டுவிட்டு வந்த அந்த உயர்ந்த கருவியைக் கடனின்றி வாங்கினான். அலகு மரத்தில் பதிந்து நேராகச் செல்வதைக் கண்டதும், "மாமா, இது கையிலேயே இல்லாத மாதிரி இருக்கு" என்று வியந்தான். பழையதை எறியவில்லை, முரட்டு வேலைகளுக்கு இன்றும் அதுவே.

இதைக் கொண்டு, மலிவானதே எப்போதும் சிறந்தது என்று நான் கூறவரவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை வீட்டு வேலைக்கு மட்டும் வேண்டுவோருக்கு, நல்ல அலகுடன் கூடிய எளிய கருவி போதும். எட்டாயிரத்தைப் பரணில் தூங்க வைப்பது விரயமே. நாள்தோறும் அதனால் பிழைப்போருக்கு, கையில் பணமும் காத்திருக்கப் பொழுதும் இருந்தால் உயர்ந்ததே சிக்கனம். பணம் குறைவாகவும் பொழுது இன்னும் குறைவாகவும் இருப்போர், கருவிக்கும் பலகைக்கும் அலகுக்கும் பணத்தைப் பங்கிட்டு முதலில் வேலையைத் தொடங்கட்டும். விலைச்சீட்டு கருவியின் விலையை மட்டுமே சொல்லும். காத்திருக்கும் நாள்களின் விலையை வீட்டார்தாம் கணக்கிட வேண்டும்.

ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள் என்று ஹதீஸ் அறிவிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மிம்பரும், அன்சாரிப் பெண்மணி ஒருவரிடம் இருந்த தச்சரின் கையால் உருவானதே. அத்தொழிலின் கண்ணியத்தை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம். ஹலாலான உழைப்பை நாடி வெளிவரும் இளைஞனுக்கு, ஜமாஅத்தும் உறவினரும் வட்டியில்லாக் கடனாலும் சிறு வேலைகளாலும் தோள்கொடுத்தால் அவன் நிமிர்ந்துவிடுவான். நம் இல்லங்களின் கைகளுக்கு வல்ல அல்லாஹ் நல்ல உழைப்பையும் அதில் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.