அம்மாவின் காலும் கப்பல் பயணமும்

பேருந்து எங்கள் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டபோது விடியற்காலை மணி ஐந்து. அந்த நேரம் அம்மாவுக்குப் புதிதல்ல. முப்பத்தெட்டு ஆண்டுகள் அதே இருட்டில் பெரட்டுக்குப் போய் நின்றவர். அன்று பால் வாளிக்குப் பதிலாகக் கையில் புதுப் பை. காலில் என் மனைவி வாங்கிக் கொடுத்த புதுச் சப்பாத்து. 2024ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், தோட்டத்துப் பெரியவர்கள் சிலரும் அவர்கள் பிள்ளைகளுமாக நாங்கள் உல்லாசக் கப்பலில் புறப்பட்டோம். மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டிச் சேர்த்த பணம் அது.

அம்மாவுக்கு வயது எழுபது. கப்பல் ஏறுவது அவருக்கு இது முதல் தடவையல்ல. 1969இல், பதினைந்து வயதுப் பெண்ணாக, தாத்தாவோடு பினாங்கில் "ரஜூலா" ஏறி நாகப்பட்டினம் போனவர். அப்போது அவர்கள் வீடு கெடாவில். பிறகுதான் கல்யாணமாகி இந்த வட ஜொகூர் தோட்டத்துக்கு வந்தார். ரஜூலாவைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 1926இல் ஓடத் தொடங்கி, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம் தாத்தா பாட்டிமார்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. 1973இல் அதன் இடத்துக்குச் "சிதம்பரம்" வந்தது. 1985இல் நடுக்கடலில் சிதம்பரம் தீப்பிடித்து உயிர்கள் பலியானபின் அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுக்கு வந்தது.

"பினாங்குக் கரையை இன்னொரு தடவ பாக்கணும்ப்பா. கோயிலுக்கும் போவணும்." அம்மா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

எங்கள் கப்பல் கிள்ளானை அடுத்த பூலாவ் இண்டாவில் நின்றது. பயணச்சீட்டைக் காட்டி உள்ளே போவதற்குள் பிற்பகலாகிவிட்டது. பேருந்தில் காலைத் தொங்கப்போட்டபடி நாலைந்து மணி நேரம். வரிசையில் நின்றது ஒன்றரை மணி நேரம். பேருந்தில் கழிவறை இல்லையே என்று அம்மா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதையெல்லாம் அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியன்தான்!

கப்பலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பத்து மாடிக்கு மேல் உயரம். உள்ளே கடைத்தெரு, நீச்சல் குளம், நாடக அரங்கம். சாப்பாட்டு மண்டபத்தில் வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் முதல் நாள் விடுவார்களா? சூப், மீ கோரெங், உப்புக் கருவாடு, ஊறுகாய் என்று தட்டுகள் நிறைந்தன. சாப்பிட்டதும் அரங்கத்தில் இரண்டு மணி நேரம் ஆட்டம் பாட்டம். அம்மா நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்.

இரவு அறைக்கு வந்ததும் என் மகள் பாட்டியின் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஓடி வந்தாள்.

"அப்பா, பாட்டி கால்ல கட்டை விரல வச்சு அமுத்தினா குழி விழுது. மறுபடி மேல வர மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. சப்பாத்தின் விளிம்பு பட்ட இடம் கயிறு கட்டியதுபோலப் பள்ளமாக இருந்தது. "எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டேன். முதலில், "கப்பல் ஆட்டந்தான்" என்றார். மறுபடியும் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் லேசாக வீங்குகிறதாம். கைலி மறைத்துவிட்டதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா கப்பலுக்கு வரவேணாம்னு சொல்லுவ. எங்க ஆயா சொல்லும், கால் வீங்கினா அது நெஞ்சுக்கு ஏறிடும்னு."

ஆயா சொன்னது வெறும் பயமுறுத்தல் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டில் காலை வீங்கவைத்து, பிறகு நெஞ்சை அடைத்துக் கொன்ற நோய் ஒன்று இருந்தது: பெரிபெரி. ஈயச் சுரங்கங்களில் அதற்குப் பலியானவர்கள் ஏராளம். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் என்பவர் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சயாம் வெள்ளை அரிசியும், மறு பகுதியினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களைத்தான் பெரிபெரி பிடித்தது. அரிசியைத் தீட்டும்போது போய்விடும் பி1 சத்து புழுங்கல் அரிசியில் தங்கிவிடுகிறது. நம் முன்னோர் அந்த நோய்க்குப் பெரிதும் தப்பியது அவர்கள் விரும்பிச் சாப்பிட்ட புழுங்கலரிசிச் சோற்றால்தான். அந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இது என்ன?" என்றார். பதில் எனக்குத் தெரியவில்லை.

கப்பலில் சிறிய மருத்துவமனை ஒன்று உண்டு. "காசு எவ்வளவு கேப்பான்?" என்று அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே கவலைதான். ஆனாலும் அழைத்துப் போனேன்.

அங்கிருந்தவர் ஒரு பிலிப்பினோ தாதி. காலைத் தொடுமுன் கேள்விகளைக் கேட்டார். வீக்கம் ஒரு காலிலா, இரண்டிலுமா? வலி உண்டா, சூடாக இருக்கிறதா, சிவந்திருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? காலையில் எழும்போது வற்றியிருக்கிறதா? கடைசியாக, "என்ன மருந்து சாப்பிடுகிறார்?"

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை என்றேன். பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சொந்தத் தாய் தினமும் விழுங்கும் மாத்திரையின் பெயர் பிள்ளைக்குத் தெரியாது! நல்லவேளை, கிளினிக்கில் கொடுத்த பிளாஸ்டிக் உறை அம்மாவின் பையில் இருந்தது. அம்லோடிபின். மூன்று மாதத்துக்கு முன்புதான் அளவைக் கூட்டியிருந்தார்கள். தாதி தலையை அசைத்தார். அந்த மருந்து சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்குமாம். அதற்காக நாமாக நிறுத்திவிடக்கூடாது, கொதிப்பு ஏறினால் ஆபத்து. ஊர் திரும்பியதும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். கப்பல் டாக்டரும் வந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். இரண்டு காலிலும் ஒரே அளவு வீக்கம், வலி இல்லை, மூச்சுத் தொல்லை இல்லை. இப்போதைக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் கதையே வேறு. உள்ளே இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து போகும் எந்தப் பயணத்திலும், பேருந்தானாலும் விமானமானாலும், இதற்கு வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட காலைத் தைலம் போட்டு உருவக்கூடாது. உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்துகொண்டால் ஒரு நிமிடமும் காத்திருக்கக்கூடாது.

பிறகு தாதி விளக்கியது எனக்குப் பள்ளிக்கூடப் பாடம்போல இருந்தது. காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே நெஞ்சுக்குத் திரும்பக் கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடக்கும்போது அது இறுகித் தளர்ந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் பம்பு நின்றுவிடும். நீர் கசிந்து கணுக்காலில் தேங்கும். வெயிலில் இரத்தக் குழாய்கள் விரிவதால் இன்னும் அதிகம். உப்போ உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அம்மாவுக்கு இத்தனையும் ஒரே நாளில் நேர்ந்திருக்கிறது. தினம் ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் நிரை நிரையாக நடந்து வெட்டிய கால். அதை ஒரு நாள் முழுக்க நாற்காலியில் தொங்கவிட்டோம்!

அன்றிரவு தலையணைகளை அடுக்கி, நெஞ்சைவிட உயரமாகக் கால் இருக்கும்படி அம்மாவைப் படுக்கவைத்தோம். அப்போதுதான் அவர் சிரித்தார்.

"எங்கப்பா ரஜூலாவுல இப்பிடித்தான் படுப்பாரு. தளத்துல பாய விரிச்சு, தகரப் பெட்டி மேல காலத் தூக்கிப் போட்டுக்குவாரு. நாற்காலி ஏது எங்களுக்கு?"

தாத்தாவுக்குப் பம்பைப் பற்றி யார் சொன்னார்களோ!

காலையில் வீக்கம் முக்கால்வாசி வற்றியிருந்தது. சப்பாத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அகலமான வார் வைத்த பழைய சிலிப்பரை மாட்டினார். கப்பல் பினாங்கு சுவெட்டன்ஹாம் பியரில் கட்டியிருந்தது. இறங்கினால் எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். அம்மா அதைப் பார்க்கவில்லை. கடல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்தப் பக்கந்தான். எங்கம்மா அங்க நின்னு அழுதிச்சு" என்றார்.

அவசரப்படாமல் நடந்தோம். நடை நல்லதுதான், வெயிலில் நிற்பதுதான் கூடாது. குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஏறக்குறைய பத்து நிமிடம். 1833இல் எழுந்த கோயில் அது. அம்மா மூன்று சுற்று வந்தார். பிறகு பக்கத்துக் கடையில் கோப்பி குடித்தபடி, காலை எதிர் நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டார். யார் பார்த்தாலும் பரவாயில்லையாம்.

அடுத்து புக்கெட் போனோம், வந்தோம். அம்மாவுக்கு அங்கே பிடித்தது இளநீர் மட்டும். கப்பலில் மணிக்கொரு தடவை தளத்தைச் சுற்றி நடந்தார். மற்ற நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். தோட்டத்துக் கிழவிகள் நாலு பேர் பக்கத்தில் வரிசையாக நின்று அதையே செய்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் நடனம் என்று நினைத்துக் கை தட்டினார். சூப்பையும் ஊறுகாயையும் தொடவில்லை, தண்ணீரை மறக்கவில்லை. கூட வந்த ஒருவர் இறுக்கமான காலுறை வாங்கிப் போடலாமே என்றார். அது பலருக்கு உதவும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களும் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. அம்மாவுக்கு நீரிழிவு உண்டு என்பதால் விட்டுவிட்டோம். இன்னொருவர் தன் நீர் மாத்திரையில் ஒன்றைத் தர முன்வந்தார். கும்பிட்டு மறுத்தேன்.

ஊர் திரும்பிய மறுநாளே கிளினிக்குக்குப் போனோம். சிறுநீர், இரத்தம், இருதயம் எல்லாம் சோதித்தார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறது, இருதயமும் நன்றாக இருக்கிறது. அம்லோடிபின் அளவைப் பாதியாக்கி வேறொரு மாத்திரையைச் சேர்த்தார் டாக்டர். மூன்று வாரத்தில் கணுக்கால் எலும்பு மறுபடியும் தெரிந்தது. மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி என் பணப்பையில் வைத்திருக்கிறேன்.

தாத்தாவின் தகரப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பழைய பள்ளிப் புத்தகங்களைப் போட்டு மூலையில் தள்ளியிருந்தேன். இப்போது அது அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் வந்துவிட்டது. தொலைக்காட்சி பார்க்கும்போது, மேலே ஒரு தலையணையைப் போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.