ஏலத்துக்கு வந்த கோட்டை

ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

லண்டன் ஏலப் பட்டியலிலிருந்து நீங்கள் அனுப்பிய பக்கத்தைச் செம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றபோது நிதானமாகப் பார்த்தேன். ‘பாழடைந்த கோட்டை, தென்னிந்தியா, பழைய நீர்வண்ண ஓவியம்’. ஓவியர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. பாறையின் அமைப்பைப் பார்த்தால் திண்டுக்கல்தானே என்று கேட்டிருந்தீர்கள். வெறும் பாறையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, சங்ககிரி, நாமக்கல் என்று மொட்டைப் பாறையும் மேலே மதிலுமாக நம் பக்கம் எத்தனையோ கோட்டைகள் இருக்கின்றன.

ஆனால் இந்த ஊர்ப் பக்கம் ஓவியர்கள் வந்தது உண்மை. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் மதராசுக்கு வந்து, பல்லக்குத் தூக்கிகளோடு தெற்கே மதுரை, திருநெல்வேலி, பாபநாசம் வரை போனார்கள். ‘ஓரியன்டல் சீனரி’ என்று 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 படங்களில் ஒன்றின் தலைப்பே ‘திண்டுக்கல் ஜில்லா, ஆத்தூர் அருகே’ என்பதுதான். அதைப் படித்ததிலிருந்து இந்த ஊருக்கு வர வேண்டும் என்றிருந்தேன்.

1792 என்ற அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். நாயக்கர் காலத்தில், 1605 வாக்கில் எழுந்த திண்டுக்கல் கோட்டை பிறகு ஹைதர் அலி கைக்கும் திப்பு கைக்கும் போனது. 1790இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதிய உடன்படிக்கையின்படி இந்தச் சீமையே கம்பெனிக்குப் போயிற்று. டேனியல்கள் தெற்கே கிளம்பியது அதை ஒட்டித்தான். படை வழி திறந்துவிட்ட பிறகே ஓவியர்கள் வந்தார்கள். அவர்கள் நாட்டில் அப்போது இடிபாடுகளை ரசித்து வரைவது பெரிய மோகமாக இருந்தது. அந்தக் கண்ணோடு வந்தவர்களுக்கு, நேற்றுவரை பீரங்கி முழங்கிய மதிலும் அழகான காட்சியாகிவிட்டது. அந்த அழகை நான் குறை சொல்லவில்லை. அதன் அடியில் ஒரு தோல்வி இருக்கிறது என்பது ஏலப் பட்டியலில் வராமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

காலையில் திண்டுக்கல் மலைக்கோட்டை ஏறினேன். படிகள் பாறையிலேயே வெட்டியவை. நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருப்பதால் ஓரமாகக் கால் வைத்தே ஏற வேண்டியிருக்கிறது. உச்சியில் அபிராமி அம்மன் கோயில் மூலவர் இல்லாமல் வெறுமையாக நிற்கிறது. கீழே ஊர் முழுக்கத் தெரிகிறது, தொலைவில் சிறுமலை. மதியம் இங்கே ஆத்தூருக்கு வந்து காமராஜர் அணைக்கரையில் நெடுநேரம் நின்றேன். டேனியல்கள் பார்த்தபோது இந்த நீர்ப்பரப்பு கிடையாது. திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீர் இது. அணையைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், பின்னால் அடுக்கடுக்காக எழும் மலை அன்று அவர்கள் பார்த்த மலைதான்.

டேனியல்களின் படங்கள் வெறும் அலங்காரம் அல்ல. மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை இடிந்து கிடந்த கோலத்தை அவர்கள் வரைந்திருக்கிறார்கள். நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து அதைப் பழுதுபார்க்கச் செய்தது 1866க்குப் பிறகு. இன்று திருமலை நாயக்கர் மகாலில் நிற்பவருக்கு, எது பழைய சுவர், எது பின்னால் பூசியது என்று ஆராய அந்தப் படம் ஒரு சாட்சி. திண்டுக்கல் கோட்டைக்கும் அப்படிச் சாட்சிகள் வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் அந்த ஏலப் படம் கையால் வரைந்ததா, அச்சா என்று பாருங்கள். டேனியல்களின் அச்சுப் படங்களுக்குக் கையால் வண்ணம் பூசியிருப்பார்கள், பலர் ஏமாறுவது அங்கேதான். செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடி தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிட்டு எடுக்கும் அச்சு அது. பூதக்கண்ணாடி வைத்தால் நிழல் பகுதி முழுக்கப் பொடிப்பொடியாக வலை பின்னியது போலத் தெரியும். ஓரம் வெட்டப்படாமல் இருந்தால் தகடு அழுந்திய தடமும் காகிதத்தில் இருக்கும். கையால் வரைந்த நீர்வண்ணம் என்றால் அந்த வலை இருக்காது. வண்ணம் காய்ந்த ஓரங்கள் கொஞ்சம் அடர்ந்திருக்கும், அடியில் பென்சில் கோடு தெரியலாம்.

அடுத்தது, பின்பக்கம். அக்காலத்துக் கம்பெனி ராணுவ அதிகாரிகளில் பலர் படம் வரையக் கற்றவர்கள். இங்கிலாந்தின் வூல்விச் ராணுவப் பள்ளியில் ஓவியர் பால் சாண்ட்பியே ஆசிரியராக இருந்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் ஊர்ப்பெயரையும் தேதியையும் தாளின் பின்னால் மையில் எழுதிவைப்பதுண்டு. சட்டத்தைப் பிரிக்காமல் விற்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி ஏலக்காரர்களுக்கு இன்றே எழுதுங்கள். வாங்கும் எண்ணம் இருப்பவர் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

எழுத்து இருந்து, அது திண்டுக்கல் என்றால், விலை கைக்கு எட்டாவிட்டாலும் இரண்டு பக்கத்துக்கும் நல்ல நகல் ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள். இங்கே பக்கத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஏலத் தேதி நெருங்கிவிட்டது, தாமதிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்