அறுந்து கொடுக்கும் நூல்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வலை பொத்துபவர்களைப் பார்க்கத் தேட வேண்டியதில்லை. காற்பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கிழிந்த கண்களை நைலான் நூலால் முடிந்துகொண்டிருப்பார்கள். அதே தெருவில் ஒரு சிறிய தையற்கடை. அதை நடத்தும் அக்கா, பாட்டிமார் விட்டுப்போன போர்வைகளைப் பழுது பார்க்கிறார். பழைய நூல்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட கனமான போர்வைகள் அவை.

நான் போனபோது மேசையில் ஒன்று விரிந்து கிடந்தது. மேலடுக்குச் சேலையின் சிவப்பு உடல் திடமாக இருந்தது. கருப்புக் கரை மட்டும் நெடுக இற்றுப்போயிருந்தது. எலி கடித்ததோ என்றேன்.

“எலி இல்ல தம்பி. கருப்புதான் முதல்ல போகும்” என்றார்.

கடுக்காயும் இரும்பும் சேர்த்து ஏற்றிய பழைய கருப்புச் சாயம் இது. அந்த இரும்பே நாளடைவில் பருத்தி இழையை அரித்துவிடும். சோழமண்டலக் கரையின் பழைய சாயத்துணிகளிலும் கருப்புக் கோடுகள்தான் பல இடங்களில் முதலில் உதிர்ந்திருக்கின்றன.

இற்ற கரையை அவர் வெட்டி எறியவில்லை. பலமுறை துவைத்து மெத்தென்றான வேட்டித் துண்டை அடியில் கொடுத்து, பழைய ஊசித்துளைகள் வழியாகவே ஊசியை விட்டார். நூலை இறுக்கவில்லை, முடிச்சும் போடவில்லை. நுனியைப் பின்னோக்கி இரண்டு தையலில் மறைத்துவிட்டார்.

பலமாக இருக்கட்டும் என்று சிலர் நைலான் நூலையே வாங்கி வந்து கொடுப்பார்களாம். “நூலு அறுந்தா திரும்பத் தைக்கலாம். துணி அறுந்தா எங்க போவிய?” என்கிறார். இழுபடும்போது உறுதியான நூல் நைந்த துணியை அறுத்துவிடும். வலைக்கு வேண்டிய பலம் போர்வைக்குப் பகை.

அவர் கேட்கும் மெல்லிய பருத்தி நூல் இப்போது எளிதில் கிடைப்பதில்லை, கடைகளில் பாலியஸ்டர்தான். 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் என்ற நூற்பாலையின் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. கரிசல் பருத்தி கப்பலேறிய துறைமுகமும் இதுதான். அப்படிப்பட்ட ஊரில்தான் அக்கா பழைய வேட்டியிலிருந்து இழை உருவித் தைக்கிறார்.

துவைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மீதும் அழுத்திப் பார்க்கிறார். சாயம் ஒட்டினால் தண்ணீரே காட்டுவதில்லை. ஒட்டாவிட்டால் பூந்திக்கொட்டைத் தண்ணீர். நனைந்த போர்வை தன் கனத்திலேயே கிழியும் என்பதால், கழித்துப்போட்ட வலைத்துண்டை அடியில் விரித்து, இருவர் நான்கு முனையையும் பிடித்துத் தூக்கி, நிழலில் பரப்புகிறார்கள்.

கடற்காற்றின் உப்பு துணியில் தங்கினால் ஈரத்தை இழுக்கும்; ஈரம் பூஞ்சணத்தை அழைக்கும். அதனால் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் போர்வையை எடுத்துக் காற்றாடவிடச் சொல்கிறார். மறுபடி மடிக்கும்போது பழைய மடிப்பில் மடிக்கக் கூடாது; பிளாஸ்டிக் பையிலும் கட்டக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து வைத்தால் பூச்சி அண்டாது.

கூலிப் பேச்சில்தான் சிக்கல். நாட்கணக்கில் குனிந்து செய்யும் வேலைக்கு, கடையில் கிடைக்கும் புதுக் கம்பளியின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். போர்வையைத் தினமும் போர்த்தப்போகிறார்களா, பெட்டியில் வைக்கப்போகிறார்களா என்று அவர் முதலிலேயே கேட்டுவிடுகிறார். வைக்கத்தான் என்றால் இற்ற இடத்துக்கு மட்டும் தையல்; கூலியும் அதற்கு மட்டும். போர்த்தத்தான் என்றால், இன்னொரு தடவை கிழியும், அப்போதும் கொண்டு வரணும் என்று சொல்லித்தான் வாங்கி வைக்கிறார்.